தரங்கம்பாடியில் கூடிய மூன்று நாடுகள்

1711ஆம் ஆண்டில் இலண்டன் துறைமுகத்திலிருந்து ஓர் அச்சுப்பொறி கப்பலேறிற்று. அதனை வாங்கி அனுப்பியோர் ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்த 'கிறித்தவ அறிவு வளர்ச்சிச் சங்கத்தார்'. அது போய்ச் சேரவேண்டிய இடமோ டென்மார்க்கு நாட்டவரின் கோட்டை நின்ற தரங்கம்பாடி. அங்கே அதற்காகக் காத்திருந்தவர்கள் ஜெர்மானியர். அதில் அச்சேற வேண்டிய மொழி தமிழ்.

அப்பொறியின் பயணம் எளிதாக முடியவில்லை. வழியில், பிரேசில் நாட்டுக் கரையருகே, கப்பல் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கியது. பணம் கொடுத்து மீட்ட பின்னர்ப் பயணம் தொடர்ந்தது. பொறியை இயக்குவதற்கென உடன் அனுப்பப்பட்ட யோனாஸ் பிங்க் என்னும் அச்சர் நன்னம்பிக்கை முனையை ஒட்டிய கடலில் நோயுற்று இறந்தார். 1712இல் பொறி தரங்கம்பாடிக்கு வந்தது. பொறியை ஓட்டத் தெரிந்தவர் வரவில்லை. டேனியக் கோட்டையில் காவல்புரிந்த படைவீரர்களுள் அச்சுத்தொழில் அறிந்த ஒருவரைத் தேடிப்பிடித்து வேலையைத் தொடங்கினார்கள். அப்போது கையிலிருந்தவை உரோமன் எழுத்துகளே. ஆகவே முதலில் அச்சானவை போர்த்துகீசிய மொழிச் சிறு நூல்கள். தமிழ் எழுத்துகள் ஜெர்மனியில் ஹாலே நகரில் வார்க்கப்பெற்று 1713இல் வந்து சேர்ந்தன. அவையும் அளவிற் பெரியனவாக இருந்து தாளைத் தின்றன. வந்த அச்சர்களுள் ஒருவரான ஆட்லர் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வெட்டி வார்த்தார். இலண்டனிலிருந்து பாலாடைக்கட்டி வந்த ஈயப் பேழைகளையே உருக்கி அதற்குப் பயன்படுத்தினர் என்று சொல்வதுண்டு. 1714இல் நற்செய்தி நூல்கள் நான்கும் திருத்தூதர் பணி நூலும், 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி வெளிவந்தன. பொறையாற்றில் ஒரு காகித ஆலையும் எழுந்தது.

தமிழ் அச்சுக்கு இது தொடக்கம் அன்று. 1578இலேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாகிவிட்டது. ஆயினும் அப்பழைய கத்தோலிக்க அச்சகங்கள் ஓய்ந்து நெடுங்காலம் ஆகியிருந்தது. தரங்கம்பாடியின் சிறப்பு முதன்மையில் இல்லை. மூன்று நாட்டுத் திருச்சபைகள் கைகோத்து ஒரே வேலையை நூறாண்டுக்கு மேல் இழுத்துச் சென்றதில் உள்ளது. அவ்வுறவு எவ்வாறு நின்றது, எங்கெங்கே புண்பட்டது, அதில் தமிழருக்கு இடம் எது என்பனவே இங்கே ஆராயத் தக்கவை.

டேனியர் தரங்கம்பாடியைப் பெற்றது 1620இல், தஞ்சை இரகுநாத நாயக்கரிடமிருந்து. வாணிகத்தின் பொருட்டே அவர்கள் வந்தனர். எண்பத்தைந்து ஆண்டுகள் அங்கே மிளகும் துணியும் ஏற்றினார்களேயன்றி ஊராரின் சமயத்தைப்பற்றிக் கவலை கொண்டாரல்லர். டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடெரிக் தம் ஆட்சிக்குட்பட்ட அவ்வூருக்குச் சமயப் பணியாளரை அனுப்பவேண்டும் என்று விரும்பியபோது, அரண்மனைப் போதகர் லுத்கென்ஸ் ஜெர்மனியிலிருந்தே ஆள் தேடவேண்டியதாயிற்று. அகப்பட்டவர் இருவர்: பர்த்தலோமேயு சீகன்பால்கு, ஹென்றி புளூட்சோ. ஹாலே நகரில் பிராங்கே என்னும் பேராசிரியர் வளர்த்துவந்த பக்தி இயக்கத்தின் காற்று இருவர்மீதும் வீசியிருந்தது. அவ்வியக்கத்தார் வெறுங் கோட்பாட்டினும் உள்ளத்தின் மாற்றத்தையும் ஏழைப் பிள்ளைகளின் கல்வியையும் பெரிதாக மதித்தவர்கள். ஹாலேயில் பிராங்கே நிறுவிய அனாதை இல்லமும் பள்ளிகளும் அச்சகமும் மருந்துச் சாலையும் ஐரோப்பாவெங்கும் பெயர்பெற்றவை.

1705 நவம்பர் இறுதியில் கோப்பன்ஹேகனிற் புறப்பட்ட இருவரும் 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் இறங்கினர். சீகன்பால்குக்கு அப்போது அகவை ஏறத்தாழ 24. மன்னர் அனுப்பியவர்கள் என்பதால் வரவேற்பு கிடைத்திருக்கும் என எண்ணுவோர் ஏமாறுவர். கோட்டைத் தலைவர் ஹாசியுஸ் அவர்களைக் கண்டு முகம் சுளித்தார். வாணிகக் குழுவினர் இச்சமய வேலை தம் வாணிகத்தைக் கெடுக்கும் என்று அஞ்சினர். 1708இன் இறுதியில் சீகன்பால்கு டேன்ஸ்பர்க் கோட்டைச் சிறையிலேயே அடைக்கப்பட்டார்; நான்கு திங்கள் கழித்தே வெளிவந்தார். ஒரே நாட்டின் மன்னர் ஒன்று நினைக்க, அந்நாட்டு வணிகர் வேறொன்று நினைத்தனர். மூன்று நாட்டுத் திருச்சபைகளின் உறவைப் பேசப் புகுமுன் இதனை மனத்திற்கொள்வது நலம்.

மூன்றாவது நாடான இங்கிலாந்து இதில் எப்படி வந்து சேர்ந்தது? ஒரு திருமணத்தின் வழியாக. இங்கிலாந்து அரசி ஆனின் கணவர் டென்மார்க்கு இளவரசர் ஜார்ஜ். அவருடைய அரண்மனைப் போதகராக இலண்டனில் இருந்தவர் ஹாலேயில் பயின்ற பொய்மே என்னும் ஜெர்மானியர். தரங்கம்பாடியிலிருந்து வந்த கடிதங்களை அவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1709இல் வெளியிட்டார். அவற்றைப் படித்த இலண்டன் சங்கத்தார் 1710இலிருந்து உதவத் தொடங்கினர். அச்சுப்பொறி அதன் பயனே.

இவ்வாறு மூன்று நாடுகள் கூடின. டென்மார்க்கு அரசின் அதிகாரத்தையும், அஞ்சல் வருவாயிலிருந்து ஆண்டுக்கு 2000 தாலரையும் தந்தது. ஹாலே ஆட்களைத் தந்தது, அவர்களைப் பயிற்றியது. இலண்டன் பொறியும் தாளும் நன்கொடைப் பணமும் தந்தது. தத்தம் பங்கைத் தருவோர் அடுத்தவர் பங்கில் கைவைக்காதவரை இவ்வேற்பாடு நன்கு ஓடியது. இன்னொன்றும் வியப்புக்குரியது. ஆங்கிலத் திருச்சபையில் பேராயர் கைவைத்துத் திருநிலைப்படுத்தியவரே குரு. லுத்தரன் சபையின் ஜெர்மானியரோ அவ்வாறு பேராயர் கையால் பட்டம் பெற்றவரல்லர். தம் நாட்டில் ஒரு சிற்றூர்க் கோயிலிலும் வழிபாடு நடத்த விடமாட்டாத அவர்களை, இலண்டன் சங்கத்தார் சென்னையிலும் கடலூரிலும் திருச்சியிலும் தஞ்சையிலும் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள். நூறாண்டுக் காலம் இக்கேள்வியை யாரும் உரக்கக் கேட்கவில்லை. கேளாதிருந்ததே அவ்வுறவைக் காத்தது எனலாம்.

உறவின் நரம்பு கடிதம். கப்பலில் ஒரு கடிதம் ஐரோப்பா சேர ஏழெட்டுத் திங்கள் ஆகும். மறுமொழி வர ஒன்றரை ஆண்டு செல்லும். அக்கடிதங்களை ஹாலேயில் தொகுத்து 1710 முதல் தொடர்ந்து அச்சிட்டனர். 'ஹாலே அறிக்கைகள்' எனப்படும் அத்தொடர் 1772 வரை 108 பகுதிகளாக வெளிவந்தது. பின்னர்ப் புதிய வரிசையாக 19ஆம் நூற்றாண்டிலும் நீண்டது. ஜெர்மனியின் சிற்றூர்களில் இருந்தோர் காவிரிக் கரையின் மழையையும் பஞ்சத்தையும் திருவிழாவையும் அதில் படித்தனர். படித்தவர் பணம் அனுப்பினர். ஆனால், வந்த கடிதம் அனைத்தும் வந்தபடியே அச்சாகவில்லை. சண்டையும் மனக்கசப்பும், கொடையாளர் நெஞ்சைப் புண்படுத்தக்கூடியனவும் நீக்கப்பட்டன. திருத்தப்பெற்ற கடிதங்களின்மேல் எழுந்த அன்பு அது.

நாலாவது பங்காளிகளாகிய தமிழரைப்பற்றி இனிக் கூறவேண்டும். ஒப்பந்தம் எதிலும் இவர்கள் பெயர் இல்லை. ஆயினும் இவர்கள் இன்றி ஒரு வரி எழுதப்பட்டிருக்க முடியாது.

சீகன்பால்கு தமிழ் கற்றது திண்ணைப் பள்ளியில். முதிய தமிழாசிரியர் ஒருவரைத் தம் இருப்பிடத்திலேயே பள்ளி நடத்தச் செய்து, பிள்ளைகளோடு பிள்ளையாக அமர்ந்து மணலில் விரலால் எழுதி அகரம் கற்றார். பல்கலைக்கழகத்தில் பயின்றவர் ஐந்து வயதுச் சிறுவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மணலைக் கிளறிய காட்சியை ஆசிரியத் தொழிலில் உள்ளோர் எண்ணிப் பார்த்தல் தகும். பின்னர் அழகப்பன் என்பவர் துணைக்கு வந்தார். ஐரோப்பிய ஏடுகள் அவரை 'அலேப்பா' என்றே எழுதும். டேனியக் குழுவுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். போர்த்துகீசியம், டச்சு, டேனியம், ஜெர்மன் ஆகியவற்றை அறிந்தவர். வெளிநாட்டுப் போதகருக்கு உதவியதற்காக அவர் பட்ட தொல்லை சிறிதன்று. ஊரைவிட்டே போகவேண்டி நேர்ந்தது.

இத்தகையோர் துணையால் சீகன்பால்கு 1708இலேயே தாம் திரட்டிய தமிழ் ஏடுகளுக்கு ஒரு பட்டியல் எழுதினார். அதில் 119 தமிழ் நூல்கள் இடம்பெற்றன. ஒவ்வொன்றின் பொருளும் சுருக்கமாகக் குறிக்கப்பட்டது. நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை அவர் ஜெர்மனில் பெயர்த்தார். 1712 முதல் 1714 வரை அவரும் உடன்பணியாளர் குருண்ட்லரும் தமிழர் பலருக்குக் கேள்விகள் விடுத்துக் கடிதம் எழுதுவித்தனர். சமயம், கல்வி, மருத்துவம், திருமணம், வேளாண்மை முதலியவைபற்றி வந்த மறுமொழிகள் ஜெர்மன் மொழியில் 99 கடிதங்களாக ஹாலேயில் அச்சாயின. அவற்றுட் பலவற்றை எழுதியவர் அழகப்பனே என்று ஆய்வாளர் கருதுவர். எழுதியோர் பெயர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வாசகர் கண்ணிற் படவில்லை.

1714இல் சீகன்பால்கு ஐரோப்பா சென்றபோது மலையப்பன் என்னும் தமிழ் இளைஞர் உடன் சென்றார். கப்பலிலேயே இலத்தீன் மொழியில் ஒரு தமிழ் இலக்கணம் உருவாயிற்று. 1716இல் ஹாலேயில் அச்சாயிற்று. ஏழு மாதக் கடற்பயணத்தில் தமிழ்ச் சொல்லை ஒலித்துக் காட்டவும் ஐயம் தீர்க்கவும் பக்கத்தில் இருந்த தமிழர் மலையப்பன். நூலின் முகப்பில் இருப்பதோ சீகன்பால்கு பெயர் மட்டுமே.

அன்பு மிகுந்த இவ்வுறவில் முதல் முள் எங்கே தைத்தது என்றால், ஒரு நூலில். தமிழ்நாட்டுத் தெய்வங்களின் வரலாற்றையும் வழிபாட்டையும் கேட்டும் ஏடுகளைப் படித்தும் சீகன்பால்கு பெருநூல் ஒன்று எழுதி 1713இல் ஹாலேக்கு அனுப்பினார். சிவன், திருமால், முருகன், அய்யனார், மாரியம்மன் என ஊர்த் தெய்வங்கள் வரை அதில் இடம்பெற்றன. பிராங்கே அதனை அச்சிட மறுத்துவிட்டார். புறச்சமயத்தை ஒழிக்கப் போனவர்கள் அதன் கதைகளை ஐரோப்பாவிற் பரப்புவதா என்பது அவர் கருத்து. பிராங்கே கெட்ட மனத்தினர் அல்லர். தம் கொடையாளரை அறிந்தவர். ஆயினும் தமிழரை அறிந்த இளைஞரின் நூலுக்குத் தமிழரைக் கண்டறியாத முதியவர் பூட்டுப் போட்டார் என்பதே உண்மை. அந்நூல் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1867இல், ஜெர்மான் என்னும் ஊழியர் முயற்சியால் சென்னையில் அச்சாயிற்று. கையெழுத்துப் படிகளோடு ஒப்பிட்டுச் செம்மையாக ஆய்ந்த பதிப்பு ஹாலேயிலேயே 2003இல் வெளிவந்தது.

அடுத்த முள் கொடியது. 1714இல் கோப்பன்ஹேகனில் இப்பணியை மேற்பார்க்க ஒரு குழு அமைந்தது. அதன் செயலாளராக வந்தவர் வெண்ட் என்பவர். அவர் கொள்கை கடுமையானது. திருத்தூதர்கள் பணப்பையின்றி நடந்தார்கள். ஆகவே போதகரும் அவ்வாறே நடக்கவேண்டும். கற்கோயில் கட்டுதல் எதற்கு? பள்ளி எதற்கு? பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் கொடுத்தல் எதற்கு? இக்கேள்விகள் கோப்பன்ஹேகனில் கணப்பருகே அமர்ந்து கேட்கப்பட்டவை. தரங்கம்பாடியிலோ, மதம் மாறியவனை உறவினர் வீட்டைவிட்டுத் துரத்தினர். அவன் பிள்ளைக்குச் சோறு போடாவிட்டால் பட்டினிதான். ஆசிரியர்களையும் உபதேசியார்களையும் பயிற்றுவதற்கென 1716இல் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டிருந்தது. தமிழ்நாட்டு ஆசிரியப் பயிற்சியின் வரலாற்றை எழுதுவோர் இவ்வாண்டை மறத்தலாகாது. புதிய எருசலேம் ஆலயம் 1718இல் குடிபுகுந்தது. பிரெடெரிக் மன்னரின் முடிச்சின்னம் அதன் முகப்பிற் பொறிக்கப்பட்டது. அந்நேரத்தில் வந்து சேர்ந்தவை வெண்டின் கண்டனங்கள்.

தம்முடைய பத்தாண்டு உழைப்பு முழுவதும் பிழை என்று மேலிடம் எழுதுகிறது; மறுத்து எழுதினால் அது போய்ச் சேர ஒரு காற்றுக்காலம், விடை வர இன்னொன்று. ஏற்கெனவே வயிற்று நோயால் நலிந்திருந்த சீகன்பால்கு 1719 பிப்ரவரி 23ஆம் நாள் இறந்தார். அகவை 36. தாம் கட்டிய ஆலயத்துக்குள்ளேயே புதைக்கப்பட்டார். குருண்ட்லர் அடுத்த ஆண்டு மார்ச்சில் போனார். கடிதம் ஆளைக் கொல்லுமா என்று கேட்கலாம். நோய்தான் கொன்றது, ஆனால் கடைசி மாதங்களின் கசப்பு கோப்பன்ஹேகனிலிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை. இரண்டே ஆண்டுகளுக்கு முன், 1717இல், இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜார்ஜ் அவ்விருவருக்கும் பாராட்டுக் கடிதம் எழுதியிருந்தார். அயல்நாட்டு மன்னர் பாராட்ட, சொந்த மேலிடம் பழித்தது.

உறவு அத்தோடு அறவில்லை. அறாமைக்குக் காரணம் மூன்று இடங்களில் ஒன்று சோர்ந்தால் மற்றொன்று தாங்கியதே. 1728இல் இலண்டன் சங்கத்தின் பொறுப்பில் சென்னைப் பணி தொடங்கியது; அதற்கும் ஹாலேயே ஆளனுப்பியது. 1733 டிசம்பர் 28ஆம் நாள் கடலூர் ஆறுமுகம், ஆரோன் என்னும் பெயரோடு, முதல் தமிழ் லுத்தரன் குருவாகத் திருநிலை பெற்றார். முதற் போதகர் கரையிறங்கி 27 ஆண்டுகள் சென்றபின் வந்தது அந்நாள். தஞ்சைச் சீமையின் ஊர்களில் நடந்து திரிந்து பணி செய்து, 1745இல் அவர் மறைந்தார். அடுத்த தமிழ்க் குருவான தியோகு 1741இல் நியமிக்கப்பட்டார். எண்ணிக்கை இவ்வளவு சுருங்கியதேன்? பொறுப்பைக் கொடுக்க மனம் வரவில்லை. மூன்று நாட்டாரும் ஒற்றுமையாக இருந்த செய்திகளுள் இதுவும் ஒன்று.

சென்னை வேப்பேரியில் பப்ரீசியஸ் விவிலியத்தைச் செம்மையுற மொழிபெயர்த்தார். 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது கிடைத்த பிரெஞ்சு அச்சுப்பொறி அவர் கைக்கு வந்தது. அதில் 1779இல் தமிழ் அகராதி வெளியாயிற்று. ஒருகாலத்தில் பிரெஞ்சுக்காரர் கடலில் பிடித்த பொறியும், பின்னர் பிரெஞ்சுக்காரரிடம் பிடித்த பொறியும் தமிழுக்கே உழைத்தன. தஞ்சையில் சுவார்ட்சு இருந்தார். 1798இல் அவர் இறந்தபோது சரபோசி மன்னர் இங்கிலாந்திலிருந்து சலவைக்கல் நினைவுச் சின்னம் வருவித்து நிறுத்தினார். அவர் வளர்த்த மாணவரே வேதநாயக சாஸ்திரியார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறந்தபோது மூன்று தூண்களும் ஆட்டம் கண்டன. ஹாலேயில் பக்தி இயக்கம் தளர்ந்து ஆட்கள் வருவது நின்றது; அக்கூட்டத்தின் கடைசித் தரங்கம்பாடிப் போதகர் கெம்மரர் 1837இல் இறந்தார். இலண்டன் சங்கம் 1820களில் தன் தமிழ்நாட்டுப் பணியை மற்றோர் ஆங்கிலச் சங்கத்திடம் ஒப்படைத்தது. அதுவரை கேளாதிருந்த கேள்வி அப்போது கேட்கப்பட்டது: பேராயர் கைபடாதவர் குருவா? டென்மார்க்கு 1845இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சீராம்பூரையும் 12½ இலட்ச ரூபாய்க்கு ஆங்கிலக் கும்பினியாருக்கு விற்றுவிட்டது.

வெளியிலிருந்து வந்த தீர்ப்பெல்லாம் தவறு என்று இதனாற் கொள்ளலாகாது. 1833இல் கல்கத்தாப் பேராயர் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை ஒழியவேண்டும், கோயிலில் தனித்தனி இருக்கை கூடாது என்று ஆணையிட்டார். அவ்வாணையை எதிர்த்தோர் பலர். எதிர்த்தவர்களுள் வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். பலர் ஆங்கிலச் சபையை விட்டுச் சாதியை அவ்வளவு வன்மையாகக் கண்டியாத ஜெர்மானியரிடம் சென்றனர். இங்கே தொலைவிலிருந்தவர் சொன்னது நேர்மை. அருகிலிருந்தவர் காத்தது பழக்கம். சோழமண்டலக் கரையை அறிந்தவர் என்பதால் மட்டும் ஒருவர் கூற்று சரியாகிவிடாது.

அந்த ஜெர்மானியர் புதியவர்கள். 1836இல் டிரெஸ்டனில் தோன்றிப் பின் லீப்சிக்குக்கு மாறிய லுத்தரன் சங்கத்தார், 1840களில் தரங்கம்பாடியின் பழைய உடைமைகளையும் சபைகளையும் டேனியரிடமிருந்து ஏற்றனர். அவர்களின் தலைவர் கார்ல் கிரௌல் கடிதத்தோடு நிற்கவில்லை. தாமே 1849இல் வந்து 1853 வரை இந்தியாவிற் சுற்றினார், தமிழ் கற்றார். திருக்குறளை ஜெர்மனில் 1856இல் வெளியிட்டார். ஹாலேயின் பிராங்கேயும் இவ்வாறு ஒருமுறை வந்து பார்த்திருப்பாரேல், சீகன்பால்கின் நூல் ஒன்றரை நூற்றாண்டு உறங்கியிராது.

முதல் உலகப்போர் வந்தது. ஆங்கில ஆட்சி ஜெர்மானியப் போதகரை நாடு கடத்திற்று. அவர்களோடு சேர்ந்து பணியாற்றிவந்த சுவீடன் நாட்டுத் திருச்சபையினர் பொறுப்பை ஏற்றனர். ஆளனுப்பும் நாடு மாறலாம், சபை மாறாதிருக்கவேண்டும் என்னும் உணர்வு அந்த நெருக்கடியில் கூர்மைபெற்றது. 1919 ஜனவரி 14ஆம் நாள் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தனிச் சபையாக அமைந்தது. 1921இல் அதன் முதற் பேராயரானவர் ஹாய்மன் என்னும் சுவீடன் நாட்டவர். பட்டப்பெயரோ 'தரங்கம்பாடிப் பேராயர்'. அவருக்குப்பின் வந்த சாண்டெகிரனும் சுவீடன் வழியினரே. அந்த நாற்காலியில் முதன்முதல் ஓர் இந்தியர் அமர்ந்தது 1956இல். அவர் இராஜா பூஷணம் மாணிக்கம். சீகன்பால்கு வந்து அப்போது 250 ஆண்டுகள் நிறைந்திருந்தன. அடுத்த அரை நூற்றாண்டு நிறைந்த 2006இல் தரங்கம்பாடியில் முந்நூறாம் ஆண்டு விழா நடந்தது. அவர் வாழ்ந்த வீடு ஹாலே நிறுவனத்தாரின் கூட்டு முயற்சியால் 2017இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பெற்றது.

மலாயா நாட்டாருக்கு இவ்வரலாறு கேள்விச் செய்தி மட்டும் அன்று. காவிரிக் கரையிலிருந்து தோட்டங்களுக்கும் இரயில்வே வேலைக்கும் கப்பலேறி வந்தவர்களுள் லுத்தரன் தமிழரும் இருந்தனர். வந்த இடத்தில் கூடி வழிபட்டனர். ஊருக்கு எழுதி, குருவை அனுப்புமாறு கேட்டனர். இம்முறை கேட்டவரும் தமிழர், அனுப்பியவரும் தமிழ்ச் சபையார். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இரயில்வேத் தொழிலாளர் குடியிருப்பின் நடுவே 1924இல் அவர்கள் எழுப்பிய சீயோன் ஆலயம் இன்றும் நிற்கிறது. தரங்கம்பாடித் திருச்சபையின் கிளையாகவே நெடுங்காலம் இருந்த அச்சபை 1960களில் தன்னாட்சி பெற்று, மலேசியா சிங்கப்பூர் லுத்தரன் திருச்சபையாயிற்று.